தலைமுழுக்கு இலக்கணம்
காஞ்சி நகரத்தார் தலைகளைத் தொகுத்தும் வகுத்தும் கூறியது

பாயிரம்

நூல் செய்பவன் பாயிரத்தில் எட்டுச் செய்திகளைச் சொல்லியாக வேண்டும் என்பது நன்னூலார் விதி. அவற்றை முதலில் தீர்த்துவிடுவோம்.

ஆக்கியோன்: தலை ஒன்று உடையவன். அதில் முடி எவ்வளவு என்பது நூலுக்குப் புறம்பு.

வழி: பாட்டி சொல்ல அம்மா கேட்டு, அம்மா சொல்ல மகள் கேட்காமல் வந்த வழி.

எல்லை: மேற்கே பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகள், கிழக்கே சின்ன காஞ்சிபுரத்து வரதராசர் கோயில், வடக்கே ஏகாம்பரநாதர் கோபுரம், தெற்கே வேகவதி கடந்து திருப்பருத்திக்குன்றம். இவற்றின் நடுவே நடமாடும் தலைகள் யாவும் இந்நூலுக்கு உட்பட்டவை. முகூர்த்தப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வந்திறங்கும் தலைகள் விருந்தினர் தலைகள்; ஆராயப்படா.

நூற்பெயர்: மேலே காண்க.

யாப்பு: தொகுத்தும் விரித்தும், இடம் கிடைத்தபோது நீட்டியும்.

நுதலிய பொருள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பது என்னும் வினா. உறவினரைத் தலைமுழுகும் வழக்கு இதில் அடங்காது. அது குடும்ப நீதிமன்றத்துக்கு உரியது.

கேட்போர்: வெள்ளிக்கிழமை காலை குளியலறை வாசலில் துண்டோடு வரிசையில் நிற்போர்.

பயன்: முடி உதிர்வது நிற்கும் என்று இந்நூல் உறுதி கூறாது. உதிர்கிறதே என்ற புலம்பல் குறையும் என்று கூறும்.

முதலாவது முன்னோரியல்

கூந்தலை வகுப்பதில் தமிழருக்குப் பழைய பயிற்சி உண்டு. ஐவகையாக முடிக்கப்படுவதால் பெண்ணின் கூந்தலுக்கு ஐம்பால் என்று பெயரிட்டார்கள். அந்த ஐந்து எவை என்று கேட்டால் ஓர் ஆசிரியர் தரும் பட்டியலும் இன்னொருவர் தரும் பட்டியலும் ஒத்துப்போவதில்லை. வகைகளில் கருத்து வேறுபடலாம், தொகை மாறக்கூடாது என்னும் நல்ல மரபை அவர்கள் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

முழுக்குக்கு வேண்டிய சரக்குகளை எண்ணியவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி குளிக்கும் நீரில் துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு ஊறுகின்றன. கூட்டினால் 47. இன்றைய புட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியல் நீளமாக இருக்கிறது என்று முகம் சுளிப்போர் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்க. பிறகு கூந்தலைப் புகையில் உலர்த்தி, கத்தூரிக் குழம்பும் பூசுகிறாள். ஆனால் இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தாள் என்பதை அடிகள் சொல்லவில்லை. நாற்பத்தேழு சரக்கையும் இடித்து ஊறவைக்கும் வேலையைப் பார்த்தால், அடிக்கடி இராது என்று உய்த்துணரலாம்.

மதுரையில் நடந்ததாகச் சொல்லப்படும் வழக்கும் இவ்விடத்தில் கருதத்தக்கது. பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா செயற்கையா என்று இறைவனும் நக்கீரரும் மோதிக்கொண்டார்கள். நெற்றிக்கண் திறந்தது, புலவர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். கடைசியாக அந்த அம்மாள் தலைக்குக் குளித்தது எப்போது என்று இரு தரப்பிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

நாள்கணக்கு சொன்னவர்கள் சிலரே. சித்த மருத்துவர் தேரையர் நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்றார். ஆத்திசூடி சனிக்கிழமையைச் சொன்னதாக வழக்கில் கொள்கிறோம். வீட்டு மரபு பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என்று பிரித்தது. தேரையர் வழியில் ஆண்டுக்கு 91 முழுக்கு. ஔவை வழியில் 52. வீட்டு மரபில் 104. மூன்றும் சான்றோர் வாக்கு, மூன்றும் வெவ்வேறு. எனவே சான்றோர் வாக்கைக் காட்டி எவரும் எவரையும் குளியலறைக்குள் தள்ள முடியாது என்பது முதல் முடிபு.

காஞ்சிக்கே உரிய சான்று ஒன்று எஞ்சுகிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி அங்கதம் இவ்வூர்த் தெருக்களில் நடக்கிறது. காபாலிகனின் மண்டையோட்டுக் கிண்ணம் காணாமல் போகிறது. பௌத்தத் துறவிதான் எடுத்திருப்பார் என்று சண்டை மூள, காபாலிகனின் துணைவி துறவியின் முடியைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மழித்த தலையில் பிடிக்க ஒன்றும் அகப்படாமல் கீழே விழுகிறாள். மொட்டையை விதித்த புத்தரின் அறிவை அப்போதுதான் துறவி மெச்சிக்கொள்கிறார். முடி பராமரிப்பில் பாதுகாப்பு என்றொரு கூறு உண்டு என்பதை ஓர் அரசனே பதிவு செய்திருக்கிறான்.

இரண்டாவது தெய்வவியல்

மண்ணிற்குப் புனுகும் மரத்திற்குத் தைலமும்
கல்லிற்குப் புனலும் கடவுளர் முறையே.

என்பது நூற்பா. இதன் பொருள்: காஞ்சியில் குளியல் முறையைக் கிழமை தீர்மானிப்பதில்லை, திருமேனி எதனால் ஆனது என்பதே தீர்மானிக்கிறது.

ஏகாம்பரநாதர் பிருதிவி லிங்கம். காமாட்சி அம்மை மணலால் பிடித்து வைத்து வழிபட்டதாகவும், ஆறு பெருகி வந்தபோது கரைந்துவிடாமல் தழுவிக் காத்ததாகவும் தலவரலாறு. ஆகவே லிங்கத்தின் மேல் நீர் ஊற்றுவதில்லை. அபிடேகம் ஆவுடையாருக்கு, லிங்கத்துக்குப் புனுகு சாத்துவார்கள். அதே ஊரில் எத்தனையோ கல் லிங்கங்கள் நாள்தோறும் நீரும் பாலும் கண்டு நிற்கின்றன.

வரதராசர் கோயிலின் அத்தி வரதர் இன்னொரு வகை. அத்தி மரத்தில் செய்த திருமேனி. அனந்தசரசுக் குளத்தின் அடியில் இருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருளுகிறார். 1979இல் வந்தார்; பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் காட்சி தந்தார். நமக்கெல்லாம் குளிப்பது விசேடம், குளிக்காதது வாடிக்கை. அவருக்கு முழுக்கு வாடிக்கை, வெளியே வருவது திருவிழா.

கடா: மரத்துக்குத் தைலம் என்று நூற்பா சொல்ல, இம்மரம் நாற்பது ஆண்டு நீரில் இருக்கிறதே?

விடை: நீருக்குள் அசையாமல் கிடப்பது வேறு, நாள்தோறும் நனைந்து நாள்தோறும் உலர்வது வேறு. மரத் திருமேனிகளுக்குக் குடம் குடமாக நீராட்டாமல் தைலக்காப்பு இடுவது கோயில்களின் பொது வழக்கு. நீரைவிட, நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதுதான் மரத்தைக் கெடுக்கும். முடிக்கும் இது பொருந்தும் என்பதை வேரியலுள் காட்டுவோம்.

துறவியரை இவ்வியலில் அடக்குக. திருப்பருத்திக்குன்றம் சமணர் வாழ்ந்ததால் சின காஞ்சி எனப்பட்டது. திகம்பரத் துறவிகள் குளிப்பதை நோன்பாகவே விட்டவர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமுடியைக் கையாலேயே பறித்துவிடுவார்கள். பௌத்தர் மழித்தனர். மடத்துச் சன்னியாசிகள் பௌர்ணமி பார்த்து மழிக்கிறார்கள். காபாலிகர் சடை வளர்த்தனர். ஒரே ஊரில் நான்கு கொள்கை, நான்கு தலை. முத்தி எது என்பதில் மட்டுமல்லாமல் முடி எது என்பதிலும் இவர்கள் ஒத்துப்போகவில்லை. ஆயினும் ஒன்றில் ஒற்றுமை உண்டு: வாரத்தில் எத்தனை முறை ஷாம்பு போடுவது என்று இவர்களில் எவரும் கவலைப்பட்டதில்லை.

மூன்றாவது மாந்தரியல்

நித்தியர் இருகிழமை யாளர் ஞாயிற்றர்
நிமித்தர் சளியஞ்சியர் மொட்டையர் எனாஅ
அறுவகைப் படூஉம் காஞ்சியோர் தலையே.

நித்தியர் என்பார் நாள்தோறும் தலைக்கு ஊற்றுவோர். இவர் இரு திறத்தர். ஒருவர், விடியுமுன் முழுகி ஈரக் குடுமியை முடிந்துகொண்டு சன்னிதிக்கு ஓடும் அர்ச்சகர். மற்றவர், ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு இருசக்கர வண்டியில் போய் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றியதும் தன் தலையின் மணம் தனக்கே பொறுக்காத இளைஞர். முன்னவர்க்கு ஆகமம் காரணம், பின்னவர்க்கு வேர்வை காரணம். தலையைப் பொறுத்தவரை இளைஞர் காரணமே வலியது.

இருகிழமையாளர் என்பார் செவ்வாய், வெள்ளி தவறாத மகளிர். எண்ணெய், சீயக்காய், சாம்பிராணி, மல்லிகை என்னும் நான்கு உறுப்பும் குறையாமல் நிறைவேற்றுவோர். பக்கத்து வீட்டம்மாள் "தலைக்கு ஊத்திக்கினியாம்மா?" என்று கேட்டால், அது தகவல் கேட்பதன்று. நுனியில் முடிச்சிட்டு நீர் சொட்டும் கூந்தல் கண்முன் தெரிந்த பிறகே இக்கேள்வி கேட்கப்படும். "ஆமாங்க்கா, இப்பதான்" என்பது விடை. வினாவும் விடையும் தேவையற்றவை, உறவு தேவை.

ஞாயிற்றர் என்பார், முன்னவரின் மகள்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் தோன்றிய புதிய குலம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிப் பேருந்துக்கும் இடுப்பளவு ஈரக் கூந்தலுக்கும் ஒத்துவராது. எனவே முழுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தது. வீட்டார் அனைவரும் ஞாயிற்றராக மாறிய வீட்டில் பத்து மணிக்கெல்லாம் மாடித் தொட்டி காலியாகும். கடைசியாகக் குளிக்கப் போனவர் தலையில் சீயக்காயோடு "மோட்டார் போடு!" என்று கூவுவார். அப்போது மின்சாரம் இராது.

நிமித்தர் என்பார் காரணம் வந்தால் மட்டும் முழுகுவோர். சாவு, தீட்டு, கிரகணம், அமாவாசைத் தர்ப்பணம், தீபாவளி, முடிவெட்டுதல் ஆகிய ஆறும் நிமித்தங்கள். இவருள் சிலருக்கு உறவினர் பலராக இருப்பதால் தலை சுத்தமாக இருக்கும். உறவு சுருங்கினால் அழுக்கு பெருகும்.

சளியஞ்சியர் என்பார் "தலைக்கு ஊத்தினா சளி புடிச்சிக்கும்" என்னும் மறுக்க முடியாத அரணுக்குள் வாழ்வோர். சளி பிடிப்பது வைரசால், தண்ணீரால் அன்று. ஆயினும் மார்கழிக் காலையில் இதை எடுத்துச் சொல்லி எவரையும் குளிக்க வைத்ததாக வரலாறு இல்லை. இவருக்கு இந்நூல் ஒரு சலுகை தருகிறது: வெயில் ஏறிய பின் வெதுவெதுப்பான நீரில் குளித்து, உடனே துவட்டலாம். சலுகையை ஏற்றால் சளியஞ்சியர். அதையும் மறுத்தால் சோம்பேறி. இந்த நுண்ணிய வேறுபாடு முந்து நூல்களில் இல்லை.

மொட்டையர் இரு வகை. திருப்பதிக்கோ திருத்தணிக்கோ முடி கொடுத்து, தலையில் சந்தனம் பூசித் திரும்புவோர் வேண்டுதல் மொட்டையர். வேண்டாமலேயே பெற்றோர் இயற்கை மொட்டையர். பின்னவரிடத்தில் ஓர் எல்லைத் தகராறு எழும். முகம் கழுவும்போது நெற்றியிலிருந்து மேலே கை எதுவரை போகலாம், எந்தப் புள்ளியில் அது தலைக்குக் குளித்தலாக மாறும் என்று வரையறுக்க இயலாது. நெற்றி எனத் தொடங்கிப் பிடரியில் முடிந்தாலும் அதனை முகம் கழுவுதல் என்றே கொள்க.

நோய்த் தலையர் என ஏழாவது ஒரு வகை கூறாதது என்னை எனின், நோய் ஆறு வகையினர்க்கும் பொது என்க. காஞ்சியார் தலை நோய்க்குத் தனி விழாவே வைத்திருக்கிறார்கள். கார்த்திகை ஞாயிறுகளில் கச்சபேசுவரர் கோயிலில், புது மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்து வலம் வருவார்கள். கடை ஞாயிறு என்று அதற்குப் பெயர். தலையில் வரும் நோய் தீரும் என்பது நம்பிக்கை. விளக்குச் சட்டியைத் தலையில் வைப்பவர் அதற்கு முன் முழுகியிருப்பார்; ஆகையால் அம்மாதத்தில் நான்கு முழுக்கு உறுதி. பொடுகுக்கு அது போதாது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

நான்காவது சரக்கியல்

அழுக்கு நீக்கும் சரக்கு இரண்டாகும்: நுரைப்பது, நுரைக்காதது. நுரைப்பதே நன்றாக அழுக்கெடுக்கும் என்பது உலக வழக்கு. நுரைக்கும் அழுக்கு போவதற்கும் தொடர்பு சிறிது என்பது ஆய்வு வழக்கு.

சீயக்காய்: நெற்றில் உள்ள சபோனின் என்னும் பொருள் எண்ணெயை நீரோடு சேர்த்து எடுத்துச் செல்லும். நுரை குறைவு, சற்றே அமிலத்தன்மை. துணி சோப்பும் குளியல் சோப்பும் காரம். காரத்தில் முடியின் மேல்தோல் செதில் செதிலாக எழும்பி நிற்கும், சிக்கு விழும். சோப்புப் போட்ட தலை கரகரப்பதும் சீயக்காய்த் தலை படிவதும் இதனால்தான். கண்ணில் பட்டால் எரிவதில் மட்டும் சீயக்காயை வெல்ல வேறொன்று இல்லை. தமிழ்க் குழந்தைகள் அழுகையில் பெற்ற முதல் பயிற்சி அதுவே.

வெந்தயம், பயற்றம்பருப்பு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த எலுமிச்சைத் தோல் ஆகியன சீயக்காயோடு மில்லுக்குப் போகும் துணைச் சரக்குகள். வீட்டுக்கு வீடு அளவு மாறும். தன் வீட்டு அளவே சரி என்பது எல்லா வீட்டுக்கும் பொது.

பூந்திக்கொட்டை: இதிலும் சபோனின். இவ்வூரில் இதற்கு இரட்டைப் பணி. கல்யாணப் பட்டைத் தண்ணீரில் அலசும் துணிவு பெற்றவர்கள் இதைத்தான் நாடுவார்கள்.

அரப்பு: உசிலை இலைப் பொடி. சேலத்தாரும் கொங்கு நாட்டாரும் கொண்டாடுவது. அங்கிருந்து பெண் எடுத்த வீடுகளில் மாமியாரின் சீயக்காய் டப்பாவும் மருமகளின் அரப்பு டப்பாவும் ஒரே அலமாரியில் அருகருகே நிற்கும். அவ்வளவே.

வடித்த கஞ்சி: சீயக்காய்த் தூளை நீரில் குழைக்காமல் சோறு வடித்த கஞ்சியில் குழைப்பது பழைய வழக்கம். தூள் தலையில் நின்று பிடிக்கும்.

ஷாம்பு: புட்டியாக இருந்தவரை இது வசதி படைத்தோர் சரக்கு. கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் சிறு பாக்கெட்டில் அடைக்கலாம் என்று வழி காட்டினார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்புவைச் சில்லறைக் காசுக்குப் பெட்டிக்கடைச் சரமாகத் தொங்கவிட்டது. பின்னாளில் கெவின்கேர் ஆன அதே நிறுவனம் மீரா என்ற பெயரில் சீயக்காய்த் தூளையும் பாக்கெட்டில் போட்டு விற்றது. சீயக்காயை வீட்டைவிட்டு அனுப்பியவரும், கடை வழியாகத் திரும்ப அழைத்து வந்தவரும் ஒருவரே. சமன்பாடு என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

பாக்கெட்டால் விளைந்த ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு. குட்டை முடி உள்ளவர்க்கு ஒரு பாக்கெட்டு மிகுதி, நெடுங்கூந்தலுக்குக் குறைவு. கிழித்த பின் மிச்சம் வைக்க இயலாது. எனவே மீசை உட்படக் கிடைத்த இடமெல்லாம் தேய்க்கும் ஆடவரும், பற்களால் பாக்கெட்டைப் பிழிந்து கடைசிச் சொட்டு வரை எடுக்கும் மகளிரும் தோன்றினர்.

ஐந்தாவது வேரியல்

தலைமுழுக் கென்பது கிழமையிற் படாஅது
வேரின் எண்ணெய் வழியது ஆகும்.

இந்நூலின் உயிர் இவ்வியலே. பொறுமையற்றோர் முன் நான்கு இயல்களையும் தாண்டி நேரே இங்கு வந்திருந்தால் மன்னிக்கப்படுவர்.

பட்டு நூல் இவ்வூருக்குக் கர்நாடகத்திலிருந்து பெரும்பாலும் பசையோடு வருகிறது. புழு கக்கிய இரண்டு இழைகளை ஒட்டிவைக்கும் அந்தப் பசை, எடையில் 20 முதல் 25 சதவீதம். சாயப்பட்டறையில் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதைப் போக்குவார்கள். போகாவிட்டால் நூல் மினுக்காது, சாயம் ஏறாது. அளவுக்கு மேல் கொதித்தால் நூலே நலியும். பிறகு பாவு நூலைத் தெருவில் நீட்டி, அரிசிக் கஞ்சி போட்டு வெயிலில் உலர்த்துவார்கள். தறியில் உரசி அறாமலிருக்க. பசையை எடுப்பது ஒரு வேலை, இழையைக் காப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் பட்டறைக்காரர் தொழிலில் நிலைக்கமாட்டார்.

பட்டு ஒரு புரதம், முடி ஒரு புரதம். தலையிலும் வேலை இரண்டே. முடியின் வேரடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் ஓயாமல் சுரக்கின்றன. வேர்வையும் தூசியும் அதோடு கூடுகின்றன. இது தோலின் காரியம். இதை எடுக்கவே முழுக்கு. முடித்தண்டோ உயிரற்றது, தானாகத் தன்னைச் சீர்செய்துகொள்ளாது, அதைக் காக்கவே எண்ணெயும் கண்டிஷனரும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பைத் தொடும் எழுபது சென்டிமீட்டர்க் கூந்தலின் வேர்ப்பக்கம் இந்த வாரத்தது. நுனிக்கு வயது ஆறு. வாரம் இருமுறைக் கணக்கில் அந்த நுனி 600 முழுக்குக்கு மேல் கண்டுவிட்டது. நனையும்போது முடி ஊதும், காயும்போது சுருங்கும். அவ்வளவு முறை ஊதிச் சுருங்கிய நுனி பிளப்பதில் வியப்பில்லை. ஆகவே சீயக்காயோ ஷாம்புவோ வேருக்கு. அலசும்போது வழிந்து போவதே நுனிக்குப் போதும். எண்ணெய் நுனிக்கும் நடுவுக்கும். நம்மவர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எண்ணெயை உச்சியில் வைத்துத் தட்டி, ஷாம்புவை நுனியில் துணிபோலக் கசக்குகிறார்கள்.

எண்ணெயின் பெருமை பாட்டி வாக்கோடு நிற்கவில்லை. 2003இல் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்த ரேலே, மோஹிலே இருவரும் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே; அதிலும் குளிக்கும் முன் தடவினாலும் பலன் உண்டு. அந்நிறுவனம் தேங்காயெண்ணெய் விற்பது என்பதையும் உரையாசிரியர் கடமையாகக் குறிக்கிறோம். எண்ணெய் தேய்த்து ஊறிக் குளிக்கும் வழக்கத்தில், இழையைக் காப்பதும் வேரைக் கழுவுவதும் முறையாக அடுத்தடுத்து வருகின்றன. பாட்டி பிழைபட்டது கிழமையில், வரிசையில் அன்று.

இனி நாள்கணக்கு. சுரப்பு மிகுந்த பருவ வயதினர், வெயிலில் வேர்ப்போர், தலைக்கவசத்தார் ஆகியோர் நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு முழுகலாம். மென்மையான சரக்காக இருந்தால் போதும். நடுத்தரச் சுரப்பினர்க்கு வாரம் இரண்டு, மூன்று. சுரப்பு குறைந்த முதியோர்க்கும், எண்ணெய் நுனிவரை வழிந்து இறங்காத சுருட்டை முடியினர்க்கும் வாரம் ஒன்றுகூடப் போதும். நேர்முடிக்காரி சுருட்டைமுடிக்காரியைப் பார்த்து "இன்னுமா குளிக்கல?" என்பது இலக்கண வழு.

கடா: அடிக்கடி குளித்தால் சுரப்பிகள் பழகிப்போய் இன்னும் எண்ணெய் சுரக்குமாமே?

விடை: சுரப்பி ஹார்மோனின் சொல் கேட்கும். நீங்கள் செவ்வாயன்று குளித்ததை அதற்கு அறிவிப்பார் இல்லை.

கடா: தலைக்குக் குளிக்கும்போதுதானே முடி கொத்தாக வருகிறது? குளிக்காவிட்டால் உதிராதல்லவா?

விடை: தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. நாளுக்கு 50 முதல் 100 உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை குளிப்பவர் ஏழு நாள் உதிர்ந்ததை ஒரே நாளில் வடிகட்டியின் வாயில் காண்கிறார். கொட்டியது அன்று அன்று, எண்ணியதுதான் அன்று. பிரசவமோ கடும் காய்ச்சலோ முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிர்வது வேறு. பெரும்பாலும் தானே அடங்கும். வட்டமாகச் சொட்டை விழுந்தால் இந்நூலை மூடிவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க.

ஆறாவது வழுவியல்

நகம்படத் தேய்த்தல் கொதிநீர் ஈரப்பின்னல்
துண்டடி பொடுகிற்கு எண்ணெயோடு ஐந்தும்
வழுவெனப் படூஉம் வகையறிந் தோர்க்கே.

நகம்படத் தேய்த்தல்: சுகமாக இருக்கும், அதனாலேயே ஐயுறத்தக்கது. விரல் நுனியின் சதைதான் தலைக்கு, நகம் அன்று.

கொதிநீர்: தலைத்தோலை வறளச் செய்யும். வெதுவெதுப்பே அளவு.

ஈரப்பின்னல்: நனைந்த முடி இழுத்தால் நீளும், எளிதில் அறும். பள்ளிக்கு நேரமாகிறது என்று ஈரத்தில் இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனால் மடித்துக் கட்டும் தாய்மார் ஆறு வயது நுனியையும் இந்த வாரத்து வேரையும் ஒருசேரத் தண்டிக்கிறார்கள்.

துண்டடி: குனிந்து கூந்தலை முன்னால் தள்ளி, முறுக்கிய துண்டால் சளார் சளார் என்று அடித்து நீர் தெறிக்கச் செய்தல். இவ்வடியால் பக்கத்துச் சுவரும் பூனையும் நனைகின்றன, முடி உடைகிறது. ஒற்றி எடுத்தலே முறை.

பொடுகிற்கு எண்ணெய்: "தலை வறண்டு பொடுகு உதிருது, எண்ணெய் வை" என்பது நெடுநாள் வழு. பொடுகுக்குக் காரணமான பூஞ்சை தலையின் எண்ணெயைத் தின்று வாழ்வது. அதற்கு மேலும் எண்ணெய் வார்ப்பது விருந்தோம்பல், வைத்தியம் அன்று. பொடுகுத் தலை அடிக்கடி கழுவப்பட வேண்டும். அதற்குரிய மருந்து ஷாம்புவைப் போட்டு நான்கைந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். கடை ஞாயிறு மட்டும் போதாது என்று மேலே சொன்னது இதுபற்றி. விளக்கையும் எடுக்கலாம், மருந்தையும் போடலாம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

ஈரத் தலையில் மல்லிகை வைத்தல் வழுவா எனின், மாலைக்குள் பூவும் தலையும் சேர்ந்து எழுப்பும் மணத்தை முகர்ந்தோரே விடை கூறுக.

புறனடை

சொல்லாது ஒழிந்த தலைகளும் உளவே
சொன்னது கொண்டு தேர்தல் அறிவே.

போர்த் தண்ணீர் உப்பாக உள்ள வீட்டுத் தலை, சாயம் போட்ட தலை, சூடேற்றி நேராக்கிய தலை, செயற்கை முடி அணிந்த தலை என இன்னும் பல எஞ்சின. நூல் முடிந்த பிறகும் புதிய தலைகள் வந்துகொண்டே இருக்கும் என்பதாலேயே இலக்கணத்தார் இறுதியில் புறனடை என்று ஒரு வாசல் வைத்தார்கள்.

அவற்றுக்கெல்லாம் விதி ஒன்றே. காலண்டரைப் பார்க்காமல் உச்சியில் விரல் வைத்துப் பார்க்க. பிசுக்கு ஏறியிருந்தால் இன்று முழுக்கு, ஏறாவிட்டால் நாளை. வெள்ளிக்கிழமை விரதத்துக்காகத் தலைக்கு ஊற்றுவோர் தாராளமாக ஊற்றுக. அது சாமிக்கான கணக்கு. வேறு நாளில் பிசுக்கு ஏறினால், வெள்ளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது தலைக்கான கணக்கு. இரண்டு கணக்கும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் தண்ணீர் மிச்சம்.

இவ்வளவும் கற்றுத் தேர்ந்து ஒருவர் இன்று முழுக்குக்கு உரிய நாள் என்று துணிந்து எழுந்தாலும், குளியலறைக்குள் வேறொருவர் இருப்பார். அதற்கு இந்நூலில் விதி இல்லை.